வாங்கியது திரும்புகிறதா?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நெட்வொர்க் பகுதிக்கு வரும் பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, அவை சேர்க்கப்படுவதற்கு முன்னரே வரிவரியாகப் படித்துக் குறை சொல்வது எனது நெடுநாளைய ஈடுபாடு. அவற்றுள் நினைவக ஒதுக்கீடு தொடர்பான நிரலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வலையிலிருந்து வரும் தரவு வழக்கமாகக் கணினியின் பொது நினைவகத்தில் இறங்கி, அங்கிருந்துதான் ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலகத்தின் நினைவகத்துக்குப் போகும். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி போன்ற பெரும் பணிகளில் இந்த இடைத்தங்கலே சுமையாகிவிட்டதால், தரவுப் பொட்டலமான பாக்கெட்டின் தலைப்பு மட்டும் பொது நினைவகத்துக்கு வர, உள்ளடக்கம் நேரே ஜிபியுவில் இறங்கும் வழி 2024 நவம்பரில் வெளியான கெர்னலின் 6.12 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதன் பெயர் டிவைஸ் மெமரி டிசிபி; டிசிபி என்பது வலையில் தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை.

இத்தகைய நிரலைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இடம் சரியாக வாங்கப்படுகிறதா என்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது, வாங்கிய இடம் திரும்புகிறதா என்பதை. முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்து மண்டபங்களுக்கு அண்டாவும் குத்துப்போணியும் வாடகைக்கு அனுப்பும் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது அவர் சிரித்த முகமாக இருப்பார். பந்தி முடிந்ததும் நோட்டைத் திறந்துகொண்டு, கடைசிக் கரண்டி வரை எண்ணாமல் வண்டியை நகரவிட மாட்டார். ஒரே அண்டாவைச் சமையலறையும் பந்தியும் பயன்படுத்தினால், இருவரும் விட்ட பிறகுதான் அது கடைக்குச் சேரும். கெர்னலில் 'ரெஃப்கவுண்ட்' என்பது அந்த நோட்டுதான்.

இங்கே செயலியின், அதாவது தரவைக் கேட்ட மென்பொருளின், கைக்குத் தரவு வருவதில்லை. தரவு இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஒரு டோக்கன்தான் வருகிறது. வேலை முடிந்ததும் அந்த டோக்கனைச் செயலி திருப்பித் தர வேண்டும். தராவிட்டால், அடுத்து வரும் பாக்கெட்டுகளை இறக்க இடமின்றி நெட்வொர்க் கார்டு அவற்றைக் கைவிட்டுவிடும். செயலி பாதியில் இறந்துபோனால் என்ன ஆகும் என்பதே நான் விடாமல் எழுப்பும் கேள்வி. செயலி வலையோடு பேசும் முனையான சாக்கெட் மூடப்படும்போது நிலுவையிலுள்ள டோக்கன்களைக் கெர்னலே விடுவிக்கிறது. ஜிபியு நினைவகத்துக்கும் கார்டுக்கும் இடையிலான பிணைப்பை நீக்கிய பிறகும் ஏதேனும் ஒரு பாக்கெட் வரிசையில் காத்திருந்தால், அதன் கணக்குத் தீரும்வரை அந்த நினைவகம் விடுவிக்கப்படுவதில்லை.

மீண்டும் சொல்கிறேன், திரும்பும் வழியைத்தான் முதலில் படிக்க வேண்டும். படிப்படியாக இடம் வாங்கும்போது நான்காவது படியில் தோல்வி நேர்ந்தால் மூன்று, இரண்டு, ஒன்று என்று தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். யாரும் ஓட்டிப் பார்க்காத இந்தத் தோல்விப் பாதையில்தான் பிழைகள் குடியிருக்கின்றன. இன்னொன்று, பாக்கெட் வந்திறங்கும் சூழலில் கெர்னல் தூங்கக்கூடாது, அதாவது எதற்காகவும் காத்து நிற்கக்கூடாது. ஆகவே காத்திருந்து நினைவகம் கேட்கும் அழைப்பு அங்கே இருந்தால் அந்தப் பேட்சை நான் ஏற்பதில்லை.

நேரம் முடிவதாக எதிரே சைகை காட்டுகிறார்கள். ஜிபியுவில் இறங்கிய உள்ளடக்கத்தைக் கெர்னலால் படிக்க இயலாது என்பதால் தரவு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் செக்சம் சரிபார்ப்பைக் கார்டே செய்ய வேண்டியிருக்கிறது. அதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அனுப்பும் திசைக்கான வழி 2025இல் 6.16 பதிப்பில் வந்தது. அங்கும் எதிர்முனை பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தரும்வரை அந்த இடத்தை விடுவிக்க முடியாது. நன்றி, வணக்கம்.