பழகின ஊரடங்கு, பழகாத பயம்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அம்மாமாரே, ஐயாமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். ஒரு கிழமைக்கு முன்னமே பள்ளிக்கூடங்கள் பூட்டியாயிற்று. இரண்டு நாள் கழித்துத் தாவடியில் எங்கள் மாவட்டத்தின் முதல் தொற்று கண்டறியப்பட்டு, அந்தக் கிராமமே மூடப்பட்டது. அப்போது ஊரில் பெரியவர்கள் எல்லார் வாயிலும் ஒரே கதைதான்: “நாங்கள் காணாத ஊரடங்கே?”

அந்தக் கதையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நாங்கள் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

உண்மையான பாதி என்ன? 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவச் சண்டைக்குள் வெளியே தலைகாட்ட முடியாமல் கிடந்தவர்கள் நாங்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். 2006 ஓகஸ்டில் எங்களைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை பூட்டியபோது கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் நின்றவர்கள். அதனால்தான் 2020இல் ஒருவரும் சொல்லித்தராமலே எங்கள் பெண்கள் அரிசியையும் பருப்பையும் அளந்து பார்த்தார்கள். பனங்கிழங்கில் செய்த ஒடியல் மா பெட்டியை எடுத்து வெயிலில் வைத்தார்கள். வளவில் நின்ற முருங்கையும் வல்லாரையும் கறியாயின. அது பெரிய கெட்டித்தனம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வளவே இல்லாத வீடுகளும் இந்த ஊரில் உண்டு. அன்றாடம் கூலிக்குப் போய் அன்றாடம் உலை வைக்கிற வீட்டில் அளந்து பார்க்க என்ன இருந்தது? அரசாங்கம் கொடுத்த 5000 ரூபா எத்தனை நாளைக்குக் காணும்? பெருமை பேசும்போது அந்த வீடுகளை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

இனி மற்றப் பாதி. யுத்த காலத்தில் பயம் வந்தால் நாங்கள் ஒன்றாய்ச் சேர்ந்தோம். 1987இல் நல்லூர்க் கோயிலில் ஆயிரக்கணக்கான சனம் ஒன்றாகக் கிடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாண நகர் உள்ள வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கிழக்கே தென்மராட்சியில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். ஒரு விறாந்தையில் நாலு குடும்பம் படுத்தது. பக்கத்தில் ஆள் இருந்ததுதான் எங்களுக்குப் பலம். 2020இலோ பக்கத்தில் வராதே என்றார்கள். அது எங்களுக்கு ஒருபோதும் பழக்கமில்லாதது. எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலவர்தானே சாப்பாடு கொடுக்கவேண்டும்? சோற்றுப் பாத்திரத்தை மதிலுக்கு மேலால் நீட்டினோம். அந்தப் பக்கம் நின்று வாங்கின பிள்ளை அழுகிறாள். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல முடியாமல் நாங்கள் இந்தப் பக்கம் நிற்கிறோம். ஷெல்லடிக்குள்ளும் செத்த வீட்டுக்குப் போன சனம் நாங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. முப்பது நாற்பது வருடமாக வெளிநாட்டில் இருந்தவர்கள் எங்களுக்காகப் பயந்தார்கள். ஊரில் என்ன நடக்குதோ என்று இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் நித்திரை முழித்தவர்கள் அவர்கள். 2020 பங்குனி, சித்திரையில் அது தலைகீழானது. நாங்கள் இங்கே வீட்டுக்குள் பத்திரமாக இருந்தோம். அங்கே எங்கள் பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலும் கடையிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் மாமியின் பேரன் ஒருவன் இலண்டனில் தாதியாக வேலை. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வெளியே வருவான். எங்களுக்கு அப்போது பகல் பன்னிரண்டரை. வழமையாகப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுகிற மாமி, அவன் குரல் கேட்காமல் கோப்பையில் கை வைக்கமாட்டா. மாமி சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரமே இலண்டன் மணிக்கூட்டுக்கு மாறிவிட்டது. அவன் வட்ஸ்அப் வீடியோவில் வருவான். மாமி பழைய பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்ளுவா. அவனுக்குத் தெரிவது அவவின் காதும் தோடும்தான். “அப்பம்மா, முகத்தைக் காட்டுங்கோ” என்பான். “நீ முதல் மாஸ்க் போட்ட தழும்பைக் காட்டு” என்பா. மூக்குத்தண்டில் அந்தச் சிவந்த கோட்டைக் கண்டவுடன் பேச்சு நின்றுவிடும். பிறகு கொத்தமல்லி அவித்துக் குடித்தாயா என்று கேட்பா. இரவு ஒன்பதரைக்கு, ரொறன்ரோவில் மதியம் ஆகும்போது, அடுத்த அழைப்பு. வீட்டோடு இருக்கப் பழகினோம் என்கிறோமே, எங்களுக்கு அந்த வீடு இத்தனை நாடுகளில் பரந்து கிடந்தது.

அந்த ஒரே போனில்தான் பிள்ளைகளின் பாடங்களும் வந்தன. ஆசிரியர் அனுப்பின பயிற்சியைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டிருக்கையில் அழைப்பு வரும். பேரப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு மாமியிடம் ஓடுவாள். குசினியில் வேலை ஓயவில்லை. எல்லாரும் வீட்டில் என்றால் மூன்று நேரமும் அடுப்பு எரியவேண்டும். சில வீடுகளில் ஆண்கள் தேங்காய் துருவினார்கள், முற்றம் கூட்டினார்கள். ஊரடங்கு எடுத்தவுடன் அதையும் விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் கவலைதான்.

1995ஐப் பற்றி எழுதினவர்கள் பலர் இருக்கிறார்கள். 2020ஐப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் எழுதவில்லை. சாதாரண வீட்டுக் கதைதானே என்று விட்டுவிட்டோம். இந்த வாசிகசாலை மேசையில் இன்று ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். யாருக்காகப் பயந்தீர்கள், யார் வீட்டுச் செத்த வீட்டுக்குப் போகமுடியவில்லை, எத்தனை மணிக்கு யாருடைய அழைப்புக்குக் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் போடவேண்டாம். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடமும் கேளுங்கள். தனி அறையில் காய்ச்சலோடு கிடந்ததை அம்மாவுக்கு மறைத்த பிள்ளைகள் நிறையப்பேர். இப்போதாவது சொல்லுவார்கள்.

நன்றி, வணக்கம்.