சாவி யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கணினி பழுது பார்க்கும் கடைகளுக்குப் போய்வருபவர்களுக்கு ஒரு வாக்கியம் பழகிப்போயிருக்கும்: "லாக் ஆயிருக்கு சார்." லேப்டாப் லாக், போன் லாக், பிரிண்டர் லாக், அபார்ட்மென்ட் கேமராவின் பதிவுப் பெட்டியான டி.வி.ஆர். லாக். கன்னடம், தமிழ், இந்தி எதில் பேசினாலும் சொல் அதேதான். காசு கொடுத்து வாங்கியவர் கையில் பில்லோடு நிற்கிறார். பூட்டைத் திறக்கும் வழி அவரிடமும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. தயாரித்த நிறுவனத்திடம் மட்டும் இருக்கிறது. பூட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் பொருளுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு சாவி இருந்தாக வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39. வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் ஆட்கள் வந்து உட்காரும் வேளை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருள் ஓடும் விண்டோஸ் கணினிகளுக்கெல்லாம் ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. அந்த மென்பொருள் விண்டோஸின் கெர்னலில், அதாவது அடித்தளத்தில் ஓடுவது. புதிய கோப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டிப் படித்தது. கெர்னலில் அப்படி ஒரு பிழை நடந்தால் கணினி உடனே நின்றுவிடும். நீலத்திரை. திரும்ப ஆன் செய்தால் அதே கோப்பு, அதே நீலத்திரை. 10.57-க்கு நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பல வாடிக்கையாளர்கள் "புதிய பதிப்பு உடனே வேண்டாம், ஒரு பதிப்பு பின்னால் இருக்கிறோம்" என்று முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தார்கள். அந்த அமைப்பு முக்கிய மென்பொருளுக்குத்தான் பொருந்தியது. அன்றாடம் வரும் இந்தச் சிறு கோப்புகளுக்குப் பொருந்தவில்லை. அவற்றை எப்போது ஏற்பது என்று முடிவெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு அன்று இருக்கவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தக் கட்டுப்பாட்டைத் தருவதாக நிறுவனம் அறிவித்தது.

இரண்டாவது, சரிசெய்யும் வேலை. கணினியை, அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஆன் செய்து, சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் என்ற ஃபோல்டரில் அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறந்து, பெயரில் 291 என்று வரும் கோப்பை அழிக்க வேண்டும். அவ்வளவுதான். பழகியவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் டிஸ்க் முழுவதும் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், சேஃப் மோடுக்குப் போகும் முன்பே கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் அதே காலையில் நீலத்திரையோடு நின்றுபோன இடங்கள் உண்டு. சாவியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்; அது பூட்டிய அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

இதைக் கேட்டதும் சிலர் அப்டேட்டையே நிறுத்திவிடலாம் என்று நினைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற பணயப்புழு அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. இடையில் எட்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த அப்டேட்டைப் போட்ட கணினிக்குள் அந்த ஓட்டை வழியாகப் புழு நுழையவில்லை. இருபது கணினி உள்ள சிறிய அலுவலகம் என்றால், இரண்டில் மட்டும் அப்டேட்டை உடனே போடுங்கள். மற்ற பதினெட்டிலும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் உள்ள, தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் 'பாஸ்' (Pause) வசதியைக் கொண்டு ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அந்த இரண்டிலும் டேலி ஓடுகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, ஜி.எஸ்.டி. கையெழுத்து டோக்கன் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்கும் விடுங்கள். ஒரு ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்குதல் ஏற்கெனவே நடக்கிறது என்று செய்தி வந்தால் அந்த ஒரு வாரமும் காத்திருக்கக் கூடாது.

பாதுகாப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் பாதுகாப்புதானா? 2016 செப்டம்பர் 13 அன்று எச்.பி. நிறுவனத்தின் சில ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்கள், முந்தின நாள்வரை வேலை செய்துவந்த வேறு நிறுவன கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. அன்று புதிதாக எந்த அப்டேட்டும் வரவில்லை. மாதக்கணக்கில் முன்பே பிரிண்டருக்குள் போன ஃபர்ம்வேரில், அதாவது கருவியை இயக்கும் உள் மென்பொருளில், அந்தத் தேதி பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வசதிக்கு 'டைனமிக் செக்யூரிட்டி' என்று பெயர். எதிர்ப்பு கிளம்பிய பிறகு நிறுவனம் வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கும் ஃபர்ம்வேரைக் கொடுத்தது. ஆனால் வசதியைக் கைவிடவில்லை. இதனால் பயனருக்கு ஏற்படும் பெரிய கெடுதல் மைச் செலவு அல்ல. அப்டேட் என்றாலே எதையாவது பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் வந்துவிடுகிறது. அடுத்த முறை உண்மையான ஓட்டைக்குத் திருத்தம் வரும்போதும் அவர் 'வேண்டாம்' பொத்தானைத்தான் அழுத்துவார்.

எது நியாயமான பூட்டு என்பதற்கு ஆண்ட்ராய்டு போனின் பூட்லோடரையே உதாரணமாகச் சொல்வேன். போனை ஆன் செய்ததும் முதலில் ஓடி மற்ற மென்பொருளை ஏற்றும் நிரல் அது. கூகுளின் பிக்சல் போன்ற போன்களில், அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே 'ஓ.இ.எம். அன்லாக்கிங்' என்பதை ஆன் செய்து, போனை ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோய், கணினியிலிருந்து கட்டளை கொடுத்து, போனிலுள்ள பொத்தானால் உறுதிசெய்ய வேண்டும். அந்தக் கணமே உள்ளே இருக்கும் படங்கள், செய்திகள் எல்லாம் அழிந்துவிடும். இது கொடுமை அல்ல, சரியான வடிவமைப்பு. திருடியவன் பூட்லோடரைத் திறந்தாலும் உங்கள் தகவல் அவன் கைக்குப் போகாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஒரு எச்சரிக்கைத் திரை வரும். சொந்தக்காரர் திறக்கலாம், விலையும் தெரியும், ஒளிவுமறைவு இல்லை.

இறங்குமுன் சில ஆபத்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள். திறந்த போனில் பல வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. செயலிகளும் ஓட மறுக்கும்; மென்பொருள் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தோற்பதுதான் காரணம். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப முயன்றால், ரோல்பேக் தடுப்பு உள்ள போன் ஒரேயடியாகச் செத்துப்போகலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, மாற்று மென்பொருள் உள்ளே இருக்கும்போதே பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவது. நிறுவனத்தின் அசல் மென்பொருளை முழுதாக ஏற்றிய பிறகுதான் பூட்ட வேண்டும். இல்லையென்றால் போன் ஆன் ஆகாது. சில நிறுவனங்கள் கணக்கு பதிந்து நாட்கணக்கில் காத்திருக்கச் சொல்கின்றன. சில, திறக்கவே விடுவதில்லை. வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

சொந்தப் பொருளின் பூட்டைத் திறப்பது குற்றமா? அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடை செய்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்டு வாங்க வேண்டும். போனில் விரும்பிய செயலிகளை ஓட்டுவதற்காகப் பூட்டைத் திறக்க 2010-இல் விதிவிலக்கு கிடைத்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. நோக்கத்தைப் பார்க்கும் இந்த அணுகுமுறைதான் நியாயம் என்பது என் கருத்து.

அடுத்தவர் கணினி என்றால் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு அனுமதி இல்லாமல் நுழைவதைத் தடுக்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு ஓட்டை கண்டுபிடிப்பவருக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. இந்த ஊரில் பொறியியல் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த ஆர்வம் உண்டு. அவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு இணையதளத்தில் உங்கள் பில்லைத் திறக்கிறீர்கள். முகவரியின் கடைசியில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினால் வேறொருவரின் பெயரும் முகவரியும் திரையில் வந்து நிற்கின்றன. ஓட்டை அங்கேயே நிரூபணமாகிவிட்டது. கையை எடுத்துவிடுங்கள். எத்தனை பேர் விவரம் வருகிறது பார்ப்போம் என்று ஒரு சின்ன நிரல் எழுதி ஆயிரம் பில்களை இறக்கினால், நீங்கள் தகவலைத் திருடியவர் ஆகிவிடுவீர்கள். எண்ணம் நல்லது என்று பிறகு சொல்லிப் பயனில்லை. இன்னும் சரியான வழி, நீங்களே இரண்டு கணக்குகள் தொடங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றின் பில் தெரிகிறதா என்று பார்ப்பது. அப்போது வெளியார் யாருடைய தகவலும் உங்கள் கண்ணில் படாது.

பிறகு எழுதுங்கள். எந்தப் பக்கம், என்ன தேதி, எத்தனை மணி, எந்தக் கணக்கிலிருந்து, படிப்படியாக என்ன செய்தால் அது திரும்ப நடக்கிறது, இதனால் யாருக்கு என்ன கெடுதல். ஸ்கிரீன்ஷாட்டில் அடுத்தவர் விவரம் இருந்தால் மறைத்துவிடுங்கள். பல தளங்கள் 'செக்யூரிட்டி டாட் டி.எக்ஸ்.டி.' என்ற சிறு கோப்பில் தொடர்பு முகவரியைப் போட்டிருக்கும், அங்கே அனுப்புங்கள். பதிலே இல்லை என்றால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அனுப்பலாம்; இத்தகைய தகவலைப் பெற்று ஒருங்கிணைப்பது அதன் வேலைகளில் ஒன்று. வெளியே சொல்வதற்கு எத்தனை நாள் பொறுப்பது? ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு பின்பற்றும் 90 நாள் கணக்கு இந்தத் துறையில் பலருக்கும் ஏற்ற அளவாக இருக்கிறது. முதல் கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். "இவ்வளவு கொடுங்கள், இல்லாவிட்டால் வெளியிடுவேன்" என்று எழுதிவிட்டால் அது மிரட்டிப் பறிக்கும் குற்றமாகிவிடும். வெகுமதித் திட்டம் இருக்கும் நிறுவனம், விதிகளைத் தானே வெளியிட்டிருக்கும்.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டையைச் சொல்ல வந்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் ஓட்டை அடைபடாது. அடுத்து வருபவர் உங்களிடம் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். எல்லை மீறுவது தனிமனிதர்கள் மட்டுமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2005-இல் சோனி பி.எம்.ஜி. விற்ற சில இசைத்தட்டுகளைக் கணினியில் போட்டதும், நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று தன்னை மறைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. குறிப்பிட்ட ஓர் எழுத்துத் தொடரில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்படி அது செய்தது. அந்த மறைவிடத்தை வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அதைத் தோண்டி எடுத்து உலகுக்குச் சொன்ன பிறகுதான் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அவர் தன் கணினியைத் தானே ஆராய்ந்திருக்காவிட்டால் அது எத்தனை நாள் மறைந்திருக்குமோ?

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். அபார்ட்மென்ட் கேமராக்கள். 2016-இல் மிராய் என்ற புழு கேமராக்கள், டி.வி.ஆர்.கள், ரூட்டர்களைப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள்தான்; எல்லாம் தொழிற்சாலையில் போட்டு அனுப்பியவை. சில கருவிகளில் அந்தக் கடவுச்சொல் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருந்ததால், விரும்பினாலும் சொந்தக்காரரால் மாற்ற முடியவில்லை. மிராய் நினைவகத்தில் மட்டும் தங்குவதால் கருவியை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் விட்டால் சில நிமிடங்களில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

கேமரா மாட்டியவர் வேலை முடித்துப் பணம் கேட்கும் நாளில் அசோசியேஷன்காரர்கள் அவரோடு திரைக்கு முன் உட்கார வேண்டும். அட்மின் கடவுச்சொல்லை உங்கள் கையால் மாற்றுங்கள். மீட்பு மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அசோசியேஷனுடையதா, மாட்டியவருடையதா என்று பாருங்கள். பெரும்பாலும் மாட்டியவருடையதாகத்தான் இருக்கும், அவர் வேலையை விட்டுப் போனால் டி.வி.ஆர். எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போகும். ரூட்டரில் யு.பி.என்.பி.-யை அணைத்து, போர்ட் ஃபார்வர்டிங் ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள்; இரண்டும் வெளி இணையத்திலிருந்து கருவிக்கு வழி திறந்துவிடும் வசதிகள். கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் போடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.-யின் சோதனைச் சான்று உண்டா என்று கேளுங்கள். 2024-இல் மத்திய அரசு அறிவித்த பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

கடைசியாக, அந்த 48 இலக்க எண். உங்கள் லேப்டாப்பிலும் அது இருக்கக்கூடும். விண்டோஸ் புரோ என்றால் தேடல் பெட்டியில் 'மேனேஜ் பிட்லாக்கர்' என்று அடித்து, மீட்பு எண்ணை பேக்அப் எடுக்கும் இணைப்பைத் தேர்ந்து அச்சிடுங்கள். ஹோம் பதிப்பு என்றால், உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் ரெக்கவரி கீ என்ற இடத்தில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கடையில் வேறு யாரோ கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

கையால் எழுதுகிறவர்களுக்கு ஓர் உதவி. அந்த எண் ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்களில் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 123453 வகுபடும், 123454 வகுபடாது. எழுதி முடித்ததும் எட்டுக் கட்டங்களையும் கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் அது எந்தக் கட்டத்தில் என்று தெரிந்துவிடும். தாளை லேப்டாப் பையில் வைக்காதீர்கள். வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

நன்றி. வணக்கம்.