கடலில்தான் அண்ணா

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலைக் கடைத்தெருவில் வானொலிப் பெட்டி திருத்துகிறவன் நான். கடலில் படகுக்குப் படகு பேச வைத்திருக்கும் வி.எச்.எஃப். வானொலிச் செட்டுகளும் என் மேசைக்கு வரும். பெரும்பாலும் ஒரே நோய்தான். ஒலிவாங்கியின் பொத்தானில் உப்பும் மீன் செதிலும் இறுகி, அமுக்கிய பொத்தான் மேலே எழும்பாது. பழைய பல்துலக்கியும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் போதும், சரியாகிவிடும். அதைக் கவனிக்காமல் ஒருவர் கடலுக்குப் போய்விட்டாலோ, அவருடைய எஞ்சின் இரைச்சல் நாள் முழுக்கச் சனலை அடைத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் வேறு எவரும் பேச முடியாது. இதைப் பற்றி மட்டுமே கால்மணி நேரம் பேசுவேன். ஆனால் உயிர்காப்புப் படகுகளைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் 1824இல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம் ஒன்று இன்றும் நடக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். கடை வைத்திருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள், மீன் பிடிப்பார்கள். ஆபத்தென்று தகவல் வந்தால் ஆளுக்கொரு மூலையில் இருக்கும் இவர்களைக் கூட்டுவது எப்படி? முன்பு வானவெடி விட்டார்கள். சத்தம் கேட்டவன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவான். மூதூரிலும் கிண்ணியாவிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் ஊரே கூடுகிறதல்லவா, அதேதான். பிறகு இடுப்புக்குப் பேஜர் வந்தது. வெடியானாலும் பேஜரானாலும் ஒரு தடவை கூப்பிட்டால் எல்லோர் காதிலும் ஒன்றாக விழும். எல்லோர் காதிலும். இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். ஆடி மாதம். மைத்துனருடைய ஃபைபர் படகில் ஆசைக்கு நானும் ஏறினேன். இரவு பத்து மணியளவில், புறாமலைக்கு வெளியே எஞ்சின் நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து இருவருக்கும் உள்ளங்கை உரிந்தது. கச்சான், கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. நங்கூரக் கயிறோ ஆழத்துக்கு எட்டவில்லை. நிலாவெளி விளக்குகள் சிறுத்துக்கொண்டே போயின. மைத்துனர் பொலித்தீன் பைக்குள்ளிருந்து கைத்தொலைபேசியை எடுத்து அண்ணனை அழைத்தார்.

“எங்கேயடா நிற்கிறாய்?”

“கடலில்தான் அண்ணா.”

வேறு என்ன சொல்வது? அண்ணன் அண்ணியிடம் சொன்னார், அண்ணி என் மனைவியிடம் சொன்னார், அரைமணி நேரத்தில் உறவு முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக எங்களை அழைக்கத் தொடங்கினார்கள். மாமி அழுதார். சின்ன மாமா கொழும்பிலிருந்து எடுத்து, பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். கோணேசருக்கு நேர்த்தி வைத்திருப்பதை அறிவிக்க ஒருவர். அதை அறிந்தீர்களா என்று கேட்க இன்னொருவர். இத்தனை பாசத்தைப் பற்றரி தாங்கவில்லை. செத்துப்போனது.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அரை மைல் தள்ளி இன்னொரு படகின் விளக்கு இரவெல்லாம் தெரிந்தது. அவரும் வலையோடு எங்களைப் போலவே மிதந்துகொண்டிருந்தார். கத்தினோம், டோர்ச்சை ஆட்டினோம். விடியும் தறுவாயில்தான் கண்டு, வந்து, கட்டி இழுத்தார். கிண்ணியாக்காரர். “இரவு முழுக்க விழித்துத்தான் இருந்தேன் தம்பி, போனும் மடியில்தான் இருந்தது. என் இலக்கம் உங்களிடம் இல்லையே” என்றார்.

அவரிடமும் எங்களிடமும் வி.எச்.எஃப். செட் இருந்திருந்தால் எவர் இலக்கமும் வேண்டியதில்லை. 16ஆம் சனல், 156.8 மெகாஹேர்ட்ஸ், ஆபத்தில் கூப்பிட உலகம் முழுக்க அதுதான். மூன்று தடவை ‘மேடே’ என்ற அபயக்குரல், படகின் பெயர், நிற்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். எல்லோர் காதிலும் விழும். இது இரண்டாவது தடவை. தாழ்ந்த சிறு படகிலிருந்து இன்னொரு சிறு படகுக்கு அந்த அலை சில மைல்கள்தான் போகும் என்பது உண்மை. கரையிலுள்ள அண்டெனாவை உயரமான இடத்தில் வைப்பதும் அதனால்தான். இருக்கட்டும், பக்கத்துப் படகுக்கு அது போதும். கடற்படை வரும், கடலோரக் காவல்படை வரும்; அதுவரை நமக்கு உயிர்காப்புப் படகு அந்தக் கிண்ணியா நானாவின் படகுதான்.

இப்போது நான் பேசுவதைப் பாருங்கள். சல்லியில் வலை பொத்துகிறவருக்கும் தம்பலகாமத்தில் வயலில் நிற்கிறவருக்கும் ஒன்றாகக் கேட்கிறது. உங்களில் ஒருவருடைய இலக்கமும் என்னிடம் இல்லை.

இனி சிவப்புப் பொத்தான். ஐயோ, கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். விரைவாகச் சொல்கிறேன். புதிய செட்டுகளில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. மூடியைத் தூக்கிச் சில விநாடிகள் அமுக்கிப் பிடித்தால், 70ஆம் சனலில் படகின் ஒன்பது இலக்க எண் தானாகப் போகும், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் நிற்கும் இடமும் போகும். சுற்றியிருக்கும் அவ்வகைச் செட்டுகள் எல்லாம் அலறும். எல்லோர் காதிலும், மூன்றாவது தடவை. ஆனால் அந்த எண்ணைச் செட்டில் பதிந்திருக்க வேண்டும், ஜி.பி.எஸ். வயரைப் பொருத்தியிருக்க வேண்டும். என் மேசைக்கு வந்த சிலவற்றில் அந்த வயர், வாங்கிய நாளில் சுருட்டிக் கட்டியபடியே தொங்குகிறது. செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் கருவியைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதி வந்தேன், அது அப்படியே இருக்கிறது. ஒரு விரலாகிவிட்டது.

சரி. பொத்தான் இறுகிய செட் வைத்திருப்பவர்கள் கடைக்கு வாருங்கள். பழைய பல்துலக்கியை நீங்களே கொண்டுவந்தால் நல்லது, என்னிடம் தீர்ந்துவிட்டது. வணக்கம்.