மூன்று கிலோ ஆகும்வரை: கடிவாள நகவால் வாலபியைக் காப்பாற்றிய கதை

[காட்சி: வெயிலில் காய்ந்த புல்வெளி. தூரத்தில் கம்பிவேலி.]

1973. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டிங்கோ என்று ஒரு சின்ன ஊர். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வேலி போடும் வேலை செய்துவந்த ஒருவர் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அழிந்துபோன விலங்குகளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. இது நாம் வேலை செய்கிற இடத்தில் பார்க்கிற பிராணி ஆயிற்றே!

அவர் தகவல் சொல்ல, விஞ்ஞானிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். 1937க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்று கணக்கை முடித்திருந்த ஓர் உயிரினம், 36 ஆண்டுகள் கழித்து அந்தப் புதரோரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

[காட்சி: வாலபியின் முகம். கேமரா மெதுவாகத் தோளுக்கும், பிறகு வால்நுனிக்கும் நகர்கிறது.]

வாலபி என்பது கங்காருவின் சின்ன உறவு. இன்று நாம் பார்க்கப்போவது கடிவாள நகவால் வாலபி. பெயர் நீளம்தான், ஆனால் பார்த்தால் உடனே புரிந்துவிடும். பின்கழுத்திலிருந்து தோளைச் சுற்றி முன்னங்காலுக்குப் பின்புறம் வரை ஒரு வெள்ளைக் கோடு இறங்குகிறது. குதிரைக்குப் பூட்டிய வார் மாதிரி இருப்பதால் கடிவாளம். வால்நுனியில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சின்னக் கொம்புமுனை, நம் விரல் நகம் போல. அதனால் நகவால். அந்த நகத்தால் அதற்கு என்ன பயன் என்பதற்கு விஞ்ஞானிகளிடம் இன்னும் உறுதியான பதில் இல்லை. உள்ளூர்க்காரர்கள் இதைச் செல்லமாக 'ஃபிளாஷ்ஜாக்' என்பார்கள்.

வளர்ந்த பெண் 4, 5 கிலோ இருக்கும். ஆண் 8 கிலோ வரை போகும். இந்த எடைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

[காட்சி: பழைய வரைபடம். கிழக்கு ஆஸ்திரேலியாவில் பெரிய நிறத்திட்டு, மெல்லச் சுருங்கி ஒரு புள்ளியாகிறது.]

1841இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் கூல்ட் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது இது அரிய பிராணி இல்லை. வடக்கே சார்ட்டர்ஸ் டவர்ஸ் பகுதியிலிருந்து தெற்கே மர்ரி ஆற்றுப் பக்கம் வரை கிழக்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதி முழுக்கப் பரவியிருந்தது. அப்புறம் ஆடு மாடுகள் வந்தன, முயல்கள் வந்தன, நரியும் பூனையும் வந்தன. தோலுக்காகவும், பயிருக்கும் மேய்ச்சலுக்கும் தொல்லை என்றும் மனிதர்கள் சுட்டார்கள். அது ஒளிந்து வாழ்ந்த பிரிகலோ காடுகளையும் அழித்தார்கள். பிரிகலோ என்பது நம் ஊர் வேலமரத்துக்குத் தூரத்துச் சொந்தம், வெள்ளி நிறத்தில் மினுங்கும் இலைகளோடு அடர்த்தியாக வளரும் மரம். அந்தக் காட்டில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது.

1973இல் கண்டுபிடித்த இடத்தை அரசு வாங்கிப் பாதுகாத்தது. இன்று அது டான்டன் தேசியப் பூங்கா. ஆராய்ச்சிக்காக மட்டும் ஒதுக்கிய இடம், சுற்றுலாவுக்குத் திறப்பதில்லை.

[காட்சி: இரவு. புதரிலிருந்து வெளியே வரும் தாய் வாலபி. அதன் பின்னால் குட்டி இல்லை.]

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எனக்கு இந்த விலங்கில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். செம்மறிக் குட்டி பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தாயின் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும். வெள்ளாட்டுக் குட்டி அப்படி இல்லை. முதல் சில நாட்களுக்கு ஓர் ஓரமாகச் சுருண்டு படுத்திருக்கும், தாய்தான் மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும். கங்காரு, வாலபி வகைகளிலும் இதே இரண்டு வழிகள் உண்டு. குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர் டயானா ஃபிஷர் டான்டனில் இந்த வாலபிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். ஆடு, மான் போன்ற குளம்புள்ள விலங்குகளும் கங்காரு குடும்பமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் குட்டி வளர்ப்பில் ஒரே மாதிரியான வழிகளுக்கு வந்து சேர்ந்ததை அவரும் அவருடைய சகாக்களும் 2002இல் எழுதினார்கள்.

நம் நகவால் வாலபி, ஒளித்து வளர்க்கும் கட்சி. பிறக்கும்போது குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. தாயின் பைக்குள் சுமார் 4 மாதம் வளர்கிறது. பெரிய சிவப்புக் கங்காருவின் குட்டிக்கு அதுவே ஏறக்குறைய 8 மாதம். பையை விட்டு வந்த குட்டியைத் தாய் அடர்ந்த புதருக்குள் படுக்க வைத்துவிட்டு இரவில் புல்வெளிக்கு மேயப் போய்விடும். குட்டி அசையாமல் கிடக்கும். பெரிய வாலபிகூடப் பயந்தால் உடம்பைத் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் போனாலும் எழாது.

கண்ணால் தேடுகிற கழுகிடமிருந்து தப்ப இது நல்ல உத்தி. ஆனால் பூனை?

[காட்சி: இரவு கேமராவில் புதரோரமாகப் பதுங்கி நடக்கும் பூனை.]

பூனை என்றதும் காட்டுப்பூனை என்ற தனி இனத்தை நினைக்க வேண்டாம். ஐரோப்பியர்களோடு கப்பலில் வந்த வீட்டுப் பூனையின் வம்சம்தான், காட்டில் பல தலைமுறையாக மனிதர் துணையில்லாமல் வேட்டையாடி வாழ்கிறது. மோப்பமும் உண்டு, கேட்கும் திறனும் உண்டு, புதருக்குள் நுழைகிற உடம்பும் உண்டு. இந்த வாலபிகளைப் பூனைகள் கொல்கின்றன என்பதை 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். பெரும்பாலும் சாவது குட்டிகள். வளர்ந்த வாலபியைச் சமாளிப்பது பூனைக்குக் கஷ்டம்.

சரி, என்ன செய்யலாம்? பூனையை முழுவதும் ஒழிப்பது திறந்த வெளியில் நடக்காத காரியம். பெரிய நிலத்தை வேலி போட்டு அடைத்து உள்ளே வாலபிகளை விடலாம். நியூ சவுத் வேல்ஸில் ஸ்கோஷியா, பில்லிகா ஆகிய இடங்களில் ஆஸ்திரேலியன் வைல்ட்லைஃப் கன்சர்வன்சி என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு இதைத்தான் செய்கிறது. நல்ல வழிதான், ஆனால் செலவு அதிகம். தலைமுறை தலைமுறையாக வேலிக்குள்ளேயே வாழும் விலங்குக்கு எதிரியைப் பற்றிய பயம் மழுங்கிப்போகும் ஆபத்தும் இருக்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ராஸும் குழுவினரும் வேறு மாதிரி யோசித்தார்கள். பூனை கொல்வது குட்டிகளைத்தானே? அப்படியென்றால் குட்டிகளை மட்டும் வேலிக்குள் வைத்தால் என்ன?

[காட்சி: அந்தி. புல்லில் வைத்த கூண்டு. துணிப்பையில் வாலபி. கொக்கியில் தொங்கும் எடைத் தராசு.]

இடம் குயின்ஸ்லாந்தின் அவோசெட் இயற்கைக் காப்பிடம். அது ஒரு கால்நடைப் பண்ணை நிலம். அங்கே சுமார் 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் அளவுக்கு, பூனை நுழைய முடியாத வேலி. வெளியே சுற்றும் வாலபிகளைக் கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். துணிப்பைக்குள் போட்டுக் கண்ணை மறைத்தால் அது அமைதியாகிவிடும். பையோடு எடை பார்ப்பார்கள். பொதுவாக வாலபிகளைக் கையாளும்போது இன்னொரு கவனமும் தேவை. பயந்துபோன தாய் தன் வயிற்றுப்பையிலிருக்கும் குட்டியை உதறிவிடக்கூடும் என்பதால், அந்த வயிற்றுப்பையின் வாயை டேப்பால் லேசாக ஒட்டிவிடுவது வழக்கம்.

எடை 3 கிலோவுக்குக் கீழே இருந்தால் வேலிக்குள். 3 கிலோவைத் தாண்டி வளர்ந்ததும் வெளியே. அவ்வளவுதான் விதி.

பெரியவற்றை வெளியிலேயே விட்டதற்கும் காரணம் இருந்தது. ஆபத்தைக் கண்டு ஒதுங்கும் பழக்கம் அந்தக் கூட்டத்துக்குள் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

2015இல் அவோசெட்டில் எஞ்சியிருந்தவை 16 வாலபிகள். அதற்கு முன் அங்கே குட்டிகளில் பாதிக்கும் மேல் வளர்வதற்குள் செத்துக்கொண்டிருந்தன. 2015 முதல் 2018 வரை வேலிக்குள் வளர்ந்த 56 வாலபிகளில் 89 சதவீதம் அங்கே உயிர் பிழைத்தன. அந்த மூன்று ஆண்டுகளில் மொத்தக் கூட்டம் 16இலிருந்து 47 ஆயிற்று. 2021இல் இந்த முடிவுகள் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளிவந்தன.

47 என்பது இன்னும் சின்ன எண்தான். ஒரு கடும் வறட்சி வந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. ஆள் போட்டு, கூண்டு வைத்து, ஒவ்வொன்றாக எடை பார்க்கும் வேலை இது, எல்லா இனத்துக்கும் செய்துவிட முடியாது. ஆனாலும் ஒரு விலங்கு வாழ்நாளில் எந்தக் கட்டத்தில் சாகிறது என்று கண்டுபிடித்து, சரியாக அந்த இடத்தில் மட்டும் கை கொடுத்தார்களே, அந்த யோசனை என்னை அசைத்துவிட்டது.

[காட்சி: வேலிக்கு வெளியே. துணிப்பையின் வாய் திறக்கிறது. வாலபி நான்கைந்து தாவலில் புதரோரம் போய், தரையோடு ஒட்டிப் படுக்கிறது. வெள்ளைக் கோடு மட்டும் கொஞ்ச நேரம் தெரிகிறது.]