ஃபஸ் பெடல் பேண்ட்ல ஏன் காணாமப் போகுது? கொடைக்கானல் ப்ராக்டிஸ் ரூம்ல இருந்து

வணக்கம் மக்களே. கொடைக்கானல்ல மதியமே மேகம் இறங்கிருச்சு, ஜன்னலைச் சாத்திட்டேன். ரூம் சத்தம் கொஞ்சம் அடைச்சாப்ல கேக்கும், பொறுத்துக்கங்க.

கையில இருக்கறது ஃபஸ், அதாவது கிதார் சத்தத்தை வேணும்னே உடைச்சு கரகரப்பாக்கற பெடல். பிக் மஃப்ங்கற பேர்போன ஃபஸ்ஸோட சர்க்யூட்டைப் பார்த்து செஞ்ச சின்ன சைஸ் மலிவு சாமான். இந்த வகை எந்தப் பேர்ல வந்தாலும் உள்ள நடக்கற வேலை ஒண்ணுதான். நாலு டிரான்சிஸ்டர் ஸ்டேஜ், நடுவுல இருக்கற ரெண்டும் டயோட் வச்சு அலையோட உச்சியை வெட்டும். வெளிய வால்யூம், டோன், சஸ்டெய்ன்னு மூணு நாப். எவ்வளவு வெட்டணும்ங்கறது சஸ்டெய்ன் கையில.

முதல்ல தனியா. மூணு நாப்பும் 12 மணியில, அதாவது கடிகார முள் மாதிரி நேரா மேல பார்த்து. [கிதார்] குண்டா, அகலமா, நல்லாத்தான் இருக்கு. இப்ப எதையும் தொடாம டிரம்ஸ், பேஸ் ட்ராக்கை ஓட விடறேன். [டிரம்ஸ், பேஸ், கிதார்] கிதாரைக் காணோம். கை வாசிச்சுக்கிட்டுதான் இருக்கு, பாருங்க.

டோன் சர்க்யூட்தான் காரணம். நாப் நடுவுல இருக்கும்போது சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்துல ஒரு பள்ளம் விழும். மிஞ்சறது அடியும் நுனியும். அடியில கிக்கும் பேஸும் உக்காந்திருக்கு, நுனியில சிம்பல். கிதாருக்குன்னு பேண்ட்ல இருக்கற இடமே நடுதான், அதைத்தான் பெடல் எடுத்துருச்சு. இதுக்கு வால்யூமை ஏத்துனா பேஸ்காரரும் ஏத்துவாரு, டிரம்மர் ஓங்கி அடிப்பாரு, கடைசியில பாடறவங்க தொண்டைதான் போகும்.

சரி, திருப்புவோம். சஸ்டெய்ன் 9, 10 மணிக்கு இறங்கட்டும். மனசு வராதுதான், ஆனா இறக்குங்க. முழுசா வச்சா கையில பிடிச்சு மீட்டற பிக் கம்பியில படற அந்த 'டக்' நசுங்கிப் போயிரும், அப்பறம் ரிதம் வாசிக்கறீங்களா இழுத்துக்கிட்டு இருக்கீங்களான்னே தெரியாது. டோன் 1, 2 மணி. அடிச் சத்தம் குறையும். தனியா கேட்டா கிர்ருனு மெலிசா இருக்கும், இருக்கட்டும், தனியா யாரும் கேக்கப் போறதில்ல. வால்யூம் கடைசியா, டிரம்ஸ் ஓடும்போது. பெடல் போடாத கிளீன் சத்தத்தைவிட ஒரு சொட்டு மேல நின்னா போதும், இந்த வகைப் பெடலுக்கு 10 மணியே தாராளம். ஆம்ப்ல மிட் 2 மணி, பேஸ் 10 மணி. [டிரம்ஸ், பேஸ், கிதார்] வந்துருச்சா?

இன்னும் பத்தலைன்னா ஃபஸ்ஸுக்குப் பின்னால டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (ஃபஸ்ஸைவிட மென்மையா உடைக்கற பெடல்) ஒண்ணு. டிரைவ் சுத்தமா கீழ, லெவல் 1 மணி. அது 720 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிக் குடுக்கும், அடியை வெட்டும். ஈக்யூ பெடல் (அடி, நடு, நுனின்னு பிரிச்சு ஏத்தி இறக்கறது) இருந்தா 800 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை 4, 5 டெசிபல் ஏத்துங்க, அதே வேலைதான். ஃபஸ்ஸுக்கு முன்னால வச்சுராதீங்க. முன்னால தூக்குனா பெடல் இன்னும் கூட வெட்டும், ஆனா பள்ளம் அதுக்கு அப்பறம்தானே விழுது, அது அப்படியேதான் கிடக்கும்.

கார்டு: பவர் கார்டு, அதாவது மூல ஸ்வரமும் அதோட அஞ்சாவதும் மட்டும், போதும். மேஜர், மைனர் முழுசா அடிச்சா சேறாயிரும்.

இப்ப முக்கியமான விஷயம். கிறிஸ்துமஸ் ப்ரோக்ராம், ஸ்கூல் ஆண்டு விழா, நம்ம பக்கம் நிறைய இடத்துல ஆம்ப்பே இருக்காது. கேபிளை நேரா மிக்சர்ல சொருகுவாங்க. கிதார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தானாவே அடங்கிரும், மேடையில வைக்கற பிஏ ஸ்பீக்கர் அடங்காது. அதனால ஃபஸ்ஸை நேராப் போட்டா தகரத்துல ஆணி கீறற மாதிரி வரும். [நேரடி மிக்சர் சத்தம்] போதும், நிறுத்திட்டேன். கடைசிப் பெடலா கேப் சிமுலேட்டர் (கிதார் ஸ்பீக்கர் பெட்டி மாதிரியே நுனியை அடக்கற பெடல்) வைங்க, மல்டி எஃபெக்ட்ஸ்ல கேபினெட்டை மட்டும் ஆன் பண்ணாலும் சரி. ரெண்டும் இல்லன்னா அந்தச் சேனல்ல ஹையை நல்லா இறக்குங்க, அடிச் சத்தத்தை வெட்டற லோ கட் பட்டனை அமுக்குங்க. பாதி சரியாகும், அவ்வளவுதான். கீபோர்ட்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க, ஃபஸ் வர்ற இடத்துல பேடை (நீளமா இழுத்துப் பிடிக்கற பின்னணிச் சத்தம்) விட்டுரணும். ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் அடிச்சுக்கும்.

ஃபஸ் ஃபேஸ்ங்கற இன்னொரு ஃபஸ் வகையில ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டது வாங்கறவங்களுக்கு: அது சூடு குளிருக்கு ஆடற சாமான். வெயில்ல சவுண்ட் செக் பண்ணி, டிசம்பர் ராத்திரி திறந்த மேடையில வாசிச்சா வேற பெடல் மாதிரி கேக்கும். பயாஸ் ட்ரிம்பாட் (டிரான்சிஸ்டர் வோல்டேஜைச் சரி பண்ற குட்டி திருகு) இருந்தா மேடையோட குளிர்லயே வச்சுத் திருப்புங்க, ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல 4.5 வோல்ட் பக்கம் வரணும். பிஎன்பிங்கற வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டதுல பாசிட்டிவ்தான் கிரவுண்ட், அதை மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல கோத்தா ஷார்ட் ஆகும். பேட்டரியில ஓட்டுங்க. கிதாருக்கும் அதுக்கும் நடுவுல பஃபர் (கிதார் சிக்னலுக்கு பலம் குடுக்கற சர்க்யூட்) உள்ள பெடலோ ட்யூனரோ வேண்டாம், கிதார் வால்யூமைக் குறைச்சு கிளீன் ஆக்கற வித்தை அதோட போயிரும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டதுல குளிர்த் தொல்லை ரொம்பக் குறைவு. மலையில இருக்கறவங்களுக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில ஜாக்கு பூத்துப் போகும். மத்த பெடல்ல லேசா கேக்கற கரகரப்பை ஃபஸ் பெருசாக்கிக் காட்டும். கான்டாக்ட் கிளீனரைப் பிளக்குல அடிச்சு, பத்து தடவை சொருகி உருவுங்க. வாசிச்சு முடிச்சதும் இன்புட் கேபிளைக் கழட்டிருங்க, இல்லன்னா உள்ள பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும்.