வெளிச்சம் தின்னுற கமரா

வணக்கம் நேயர்களே. ரீவி வந்த கதையக் கதைக்கச் சொல்லி என்னை இண்டைக்குக் கூப்பிட்டிருக்கினம். ரேடியோவில இருந்துகொண்டு ரீவியப் பற்றிக் கதைக்கிறது, பொம்பிளை வீட்டுப் பந்தியில இருந்துகொண்டு மாப்பிள்ளை வீட்டுச் சமையலப் புகழுற மாதிரித்தான், எண்டாலும் கேட்டபடியாச் சொல்லுறன். இந்த அறையில ஒரு சின்ன லைட் எரியுது, அதுவும் நான் தாளப் பார்க்கத்தான், மைக்குக்கு அது தேவையில்ல. அத நூத்துப்போட்டு இருட்டில இருந்து கதைச்சாலும் உங்களுக்கு வடிவாக் கேக்கும். ரீவிக்கு அப்பிடி இல்ல. அதின்ர முதல் அம்பது வருஷமும் வெளிச்சத்துக்கு நாயா அலைஞ்ச கதை எண்டுதான் நான் சொல்லுவன், மற்றதெல்லாம் அதுக்குப் பின்னாலதான்.

எனக்கு இது பிடிபட்டது கலியாண வீடுகளில. எண்பதுகளில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கலியாண வீடியோ எடுத்துத் திரிஞ்சனான். என்ர தோளில கமரா, பக்கத்தில ஒரு பெடியன் ஆயிரம் வாட் லைட்டத் தூக்கிக்கொண்டு நிப்பான், அதப் போட்டவுடன மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊத்தும், பொம்பிளையின்ர பவுடர் கரையும், ஐயர் மந்திரத்த நிப்பாட்டி "தம்பி, கொஞ்சம் தள்ளிப் பிடியும்" எண்டுவார். ஒருக்கா தாலி கட்டுற நேரம் பார்த்து பியூஸ் போயிட்டுது. மேளம் நிக்கேல்ல, தாலியும் ஏறிட்டுது, படம் மட்டும் இல்ல. திருப்பிக் கட்டுங்கோ எண்டு கேக்கேலுமோ? மிச்சக் காசு தரமாட்டம் எண்டினம், அதில நியாயமும் இருந்துது.

இன்னொரு தொல்லையும் இருந்துது. குத்துவிளக்கக் காட்டிப்போட்டு கமராவ அப்பிடியே பொம்பிளைப் பக்கம் திருப்பினா, சுடர் வால் முளைச்ச மாதிரி திரையில இழுபட்டுக்கொண்டு வரும். அது ஏன் எண்டு தேடப் போய்த்தான் இந்தப் பழைய கதையெல்லாம் எனக்குத் தெரிய வந்துது.

எங்கட கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16-ல தொடங்கினது, தந்தித் திணைக்களத்து இன்ஜினியர் எட்வர்ட் ஹார்ப்பர் செய்த வேலை. அதுக்கு ரெண்டரை மாசம் முந்தி, ஒக்டோபர் 2-ல, லண்டன் சோஹோவில ஃப்ரித் ஸ்ட்ரீட் மாடி அறை ஒண்டில ஜோன் லோகி பெயர்ட் எண்ட ஸ்கொட்லாந்துக்காரன் ஒரு முகத்த ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கத்துக்கு அனுப்பிக் காட்டினான். மனிச முகம் இல்ல, பொம்மைத் தலை. ஸ்டூக்கி பில் எண்டு அதுக்குப் பேர். ஏன் பொம்மை எண்டா, அந்த லைட் சூட்டுக்கு முன்னால ஒரு மனிசனும் கனநேரம் இருக்கேலாது. பொம்மை தெரிஞ்ச சந்தோஷத்தில கீழ ஓடிப்போய், வில்லியம் டெய்ன்டன் எண்ட இருபது வயசு ஒஃபிஸ் போயக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினான். திரையில ஒண்டுமே தெரியேல்ல. பார்த்தா பெடியன் சூட்டுக்குப் பயந்து பின்னுக்குப் போயிட்டான். அரைக் கிரவுண் காசு குடுத்துத் திருப்பி இருத்தினபிறகுதான் படம் வந்துது. ரீவியில முதல் வந்த ஆள் காசு வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறான், இதையும் ஞாபகம் வச்சிருங்கோ.

பெயர்ட் ஆரம்பத்தில செய்த மெஷின் தேயிலைப் பெட்டி, சைக்கிள் லைட் லென்ஸ், தையல் ஊசி எல்லாம் வச்சுக் கட்டினது. அந்தப் பெட்டி எங்கட மலைநாட்டுத் தேயிலை வந்த பெட்டியா இருந்திருக்கும் எண்டு நினைச்சுச் சந்தோஷப்படுறது என்ர பழக்கம். அதின்ர மூளை, பேர்லினில மாணவனா இருந்த போல் நிப்கோவ் 1884-ல யோசிச்ச வட்டத் தகடு. தகட்டில ஓட்டைகள் சுருளா இருக்கும், சுத்தேக்க ஒவ்வொரு ஓட்டையும் படத்தில ஒவ்வொரு கோடாப் போகும். பெயர்ட்டின்ர படத்தில முப்பதே முப்பது கோடு, செக்கனுக்குப் பன்னிரண்டரைப் படம்.

இதில எங்க பிழை எண்டா, மழை பெய்யேக்க முத்தத்தில ரெண்டாயிரம் இடத்தில விழுற தண்ணிய ஒரு சிரட்டையோட ஓடி ஓடிப் பிடிக்கிறத யோசிச்சுப் பாருங்கோ. ஒரு இடத்தில சிரட்டையப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க மற்ற ஆயிரத்துத் தொளாயிரத்துச் சொச்ச இடத்திலயும் விழுற தண்ணி வீணாப் போகுது. தகடும் அப்பிடித்தான், ஒரு நேரத்தில ஒரு புள்ளிய மட்டும் பார்க்குது, மற்றதில விழுற வெளிச்சம் ஒருத்தருக்கும் உதவாது. அதாலதான் மழைய இன்னும் பலமாப் பெய்ய வைக்க வேண்டி வந்துது, அதாவது லைட்ட ஏத்த வேண்டி வந்துது. கோட்டக் கூட்டிப் படத்தத் தெளிவாக்கினா புள்ளியும் கூடும், ஒரு புள்ளிக்குக் கிடைக்கிற நேரமும் குறையும், திருப்பி லைட்ட ஏத்து. முடிவில்லாத சில்லெடுப்பு.

பிறகு ஒரு தந்திரம் செய்தினம். ஆள இருட்டில இருத்திப்போட்டு ஒரு ஒளிப்புள்ளிய முகத்தில ஓட விடுறது, முகத்தில பட்டுத் திரும்புறத, வெளிச்சத்த மின்சாரமாக்குற ஃபோட்டோ செல் பிடிக்கும். 1929-ல பிபிசியின்ர ட்ரான்ஸ்மிட்டரால பெயர்ட் முப்பது கோட்டில அனுப்பத் தொடங்கேக்க இந்த முறைதான். சூடு குறைஞ்சுது, ஆனா மனிசன் கும்மிருட்டில நிண்டு பாட வேணும். முகம் தெரியுறதுக்காக வெள்ளையாப் பூசி, சொண்டுக்கும் புருவத்துக்கும் கறுப்பும் நீலமும் அடிச்சவை, நேர பார்த்தா கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரித்தான் இருந்திருக்கும்.

1936 நவம்பர் 2-ல லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில இருந்து பிபிசி ஒழுங்கான சேவை தொடங்கினது. ஒரே கட்டடத்தில ரெண்டு கட்சி: பெயர்ட்டின்ர 240 கோடு, மார்க்கோனி-ஈஎம்ஐ கொம்பனியின்ர 405 கோடு, ஒரு கிழமை இவை, மறு கிழமை அவை. ஆர் முதல் எண்டு காசு சுண்டிப் பார்த்ததில பெயர்ட் வெண்டான், வெண்டது அது மட்டும்தான். அவன்ர பெரிய ஸ்டூடியோவில கமரா நேர ரீவிக்குப் படம் எடுக்கேல்ல, ஃபிலிமில எடுத்துது, அந்த ஃபிலிம் கீழ தொட்டிக்குள்ள போய்க் கழுவுப்பட்டு ஈரத்தோட ஸ்கேனாகி வெளிய வர ஒரு நிமிஷம் செல்லும். கெதியாக் கழுவுறதுக்கு சயனைட் பாவிச்சவை. நம்பேலாமல் இருக்கும், ஆனா உண்மை, பாட்டுக் கச்சேரி நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில தொட்டி நிறைய சயனைட். தண்ணிப் பைப்பெல்லாம் கொழுவியிருந்தபடியா கமராவ ஒரு அடி கூட அரக்கேலாது. மற்றக் கட்சியின்ர எமிட்ரோன் கமரா எண்டா வண்டியில வச்சு ஆக்களுக்குப் பின்னால தள்ளிக்கொண்டு போகலாம், கேபிள் நீளத்துக்கு வெளித் தோட்டத்துக்கும் போகலாம். அந்த நவம்பர் 30-ல லண்டனில கிரிஸ்டல் பேலஸ் எண்ட பெரிய கண்ணாடிக் கட்டடம் எரிஞ்சதில பெயர்ட்டின்ர ஆய்வுகூடமும் போயிட்டுது. 1937 பெப்ரவரியோட பிபிசி அவன்ர முறையக் கைவிட்டிட்டுது. தீயாலதான் தோத்தவன் எண்டு சில பேர் சொல்லுவினம், நான் ஏற்கமாட்டன். நகரேலாத கமரா எரியாமல் இருந்தாலும் தோத்திருக்கும்.

எமிட்ரோன் எப்பிடி வெண்டது? சிரட்டையோட ஓடுறத விட்டிட்டு முத்தம் முழுக்கச் சட்டி வச்சுது, அவ்வளவுதான். ட்யூபுக்குள்ள ஒரு தகடு, அதில கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சின்னப் பொட்டுகள், வெளிச்சம் பட்டுக்கொண்டு இருக்கிற நேரம் முழுக்க ஒவ்வொரு பொட்டிலயும் மின்சாரம் சேர்ந்துகொண்டே இருக்கும், எலக்ட்ரோன் கதிர் வந்து தொடேக்க சேர்த்ததக் குடுத்துப்போட்டுத் திரும்பச் சேர்க்கத் தொடங்கும். அமெரிக்காவில ஸ்வோரிகின் செய்த ஐகனோஸ்கோப்பிலயும் இதே யோசனைதான். ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த் 1927-ல, இருபத்தொரு வயசில, சில்லு ஒண்டும் சுத்தாத முழு எலக்ட்ரோனிக் படத்தக் காட்டினவன், கெட்டிக்காரன், ஆனா அவன்ர ட்யூபில இந்தச் சேமிப்பு இல்ல. அதால அவன்ர கமராவும் பெயர்ட்டின்ர மாதிரி வெளிச்சத்தத் தின்னுது. இதையும் பெயர்ட் அலெக்சாண்ட்ரா பேலஸில வாங்கி வச்சுப் பார்த்தவன், பாவம்.

யுத்தத்துக்குப் பிறகு ஆர்சிஏ எண்ட அமெரிக்கக் கொம்பனியின்ர இமேஜ் ஓர்த்திகோன் எண்ட கமரா ட்யூப் வந்துது, ஐகனோஸ்கோப்ப விட நூறு மடங்குக்கு மேல உணரும். ஸ்டூடியோக்காரர் செல்லமா இம்மி எண்டு கூப்பிட்டினம், அமெரிக்க ரீவிக்காரருக்குக் குடுக்கிற எம்மி அவார்ட் எண்ட பேர் அதில இருந்து வந்ததுதான். சரி, கஷ்டம் முடிஞ்சுது எண்டு பார்த்தா 1954-ல கலர் வந்துது. கலர் கமராவுக்குள்ள வெளிச்சத்த மூண்டாப் பிரிச்சு மூண்டு ட்யூபுக்குக் குடுக்க வேணும், ஒரு கறியில மூண்டு வீட்டுக்குப் பங்கு வைக்கிற மாதிரி. திரும்ப லைட்ட ஏத்து, திரும்ப வேர்வை. அறுபதுகளில ஃபிலிப்ஸின்ர பிளம்பிகோன் எண்ட புது ட்யூப் வந்தபிறகுதான் மனிசர் ஆறுதலா மூச்சு விட்டினம்.

எங்களுக்கு இந்தச் சூடெல்லாம் ஆறினபிறகுதான் ரீவி வந்துது. 1979 ஏப்ரல் 13, புதுவருஷத்துக்கு முதல் நாள், ஷான் விக்கிரமசிங்க ஆக்கள் பன்னிப்பிட்டியில இருந்து ஐடிஎன் எண்ட ரீவி நிலையத்தத் தொடங்கினவை, ஜூனில அரசாங்கம் எடுத்திட்டுது. 1982 பெப்ரவரி 15-ல ஜப்பான்காரர் அன்பளிப்பாக் கட்டித் தந்த ரூபவாஹினி, கலரோட. வானொலிக் கட்டடத்துக்குப் பக்கத்து வளவு. அந்தச் சுதந்திர சதுக்கத்து ரோட்டால நடந்து போனா, ஒரு பக்கம் வெளிச்சமே தேவையில்லாத தொழில், மற்றப் பக்கம் இது.

குத்துவிளக்கு வாலுக்கு வாறன். சுடர் கூடப் பிரகாசம், அது விழுந்த இடத்தில அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திடும், கதிர் ஒருதரம் வந்து போனாலும் முழுக்கத் துடைபடாது. கமரா திரும்பினபிறகும் மிச்சம் அங்க நிண்டு கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும், அந்த மிச்சம்தான் வால். அண்டைக்கு எமிட்ரோன வெல்ல வச்ச அதே சேமிப்புத்தான் என்ர கலியாண வீடியோக்களப் பழுதாக்கினது. போன வருஷம் ஒரு பிள்ளை தாய் தகப்பன்ர கசெட்டக் கொண்டு வந்து பென் ட்ரைவில ஏத்தித் தரச் சொன்னவ. ஓட விட்டுப் பார்த்தா நான் எடுத்தது. தாய் தலை குனிஞ்சு இருக்கிறா, சுடர் ஒரு சிவப்புக் கோடா அவவின்ர கூறைச் சேலைக்குக் குறுக்கால போகுது. "அங்கிள், இது என்ன எஃபெக்ட், அந்தக் காலத்திலயே இருந்துதோ?" எண்டு கேட்டா. ஓம் பிள்ளை எண்டிட்டன்.