ஊருயிர் எழுதுவது எப்படி: காயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

[திரையில்: எரியும் நகரத்தின் கோட்டோவியம். அதன்மேல் மெல்லத் தெரியும் ஒரு பெண்ணின் முதுகு.]

ஊர் எரிகிறது. அதே நேரத்தில் ஒரு பெண்ணின் முதுகு கொப்பளிக்கிறது. இந்த வரியை எழுத இரண்டு நிமிடம் போதும். சிக்கல் அடுத்த பக்கத்தில்தான். யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் திரைச்சீலை பற்றினாலும் அவளுக்குச் சுடுமா? எரிந்த தெருவை மூன்று மாதத்தில் கட்டி முடித்தால் முதுகும் மூன்று மாதத்தில் ஆறிவிடுமா? அவள் விரலைக் கத்தி வெட்டினால் ஊரில் எந்தத் தெரு பிளக்கும்?

ஓர் இடமே ஆளாக நடமாடுகிற இந்த மாதிரிப் பாத்திரத்தை, இந்த வீடியோ முழுக்க ‘ஊருயிர்’ என்று சொல்வோம். ஆறு, காடு, சதுப்பு எல்லாம் இதில் சேர்த்தி.

[திரையில்: இரண்டு உருவங்கள். ஒன்று ஊருக்கு வெளியே நிற்கிறது, இன்னொன்று ஊருக்குள்.]

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காவல் தெய்வம் வேறு, ஊருயிர் வேறு. காவல் தெய்வம் ஊருக்காக அழும். வேண்டுமானால் ஊரைவிட்டுப் போய்விடவும் முடியும். ஊருயிருக்குப் போக்கிடம் கிடையாது. சிலப்பதிகாரத்தின் மதுராபதி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவள். அவள் மதுரையின் தெய்வம். ஆனால் தீயின் வெம்மை பொறுக்காமல்தான் கண்ணகியிடம் வருகிறாள், அதுவும் எதிரே நிற்காமல் பின்னால் நின்று பேசுகிறாள். அந்தப் பொறுக்காமைதான் ஊருயிருக்கான வித்து.

கிரேக்கக் கதைகளின் மரத்து அணங்குகள் முழு ஊருயிர்கள். மரத்தை வெட்டினால் அணங்கும் சாகும். ஆர்தர் அரசர் கதைகளில் வரும் மீனவ அரசனிடம் இது தலைகீழ்: அரசனின் தொடையில் காயம் பட்டதால் நாடு தரிசாகிறது. ஆகவே வலி எந்தப் பக்கம் பாய்கிறது என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய முதல் முடிவு. இடத்திலிருந்து உடம்புக்கு மட்டும் பாயட்டும் என்பது எங்கள் பரிந்துரை. இரு பக்கமும் திறந்துவிட்டால், எதிரிக்குப் படையே வேண்டாம்; அவளைப் பிடித்து ஓர் ஊசியால் குத்தினால் ஊர் சரணடைந்துவிடும். கதை அங்கேயே முடிந்தது.

[திரையில்: லண்டன் வரைபடம். உள்ளே சின்னதாகப் பழைய மதில் நகரம், வெளியே இன்றைய பெருநகர எல்லை.]

அடுத்தது எல்லை. பலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். உண்மையில் காயத்தின் அளவே இங்கேதான் முடிவாகிறது.

1666 செப்டம்பரில் லண்டன் நான்கு நாள் எரிந்தது. சுமார் 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள் போயின. எரிந்த பரப்பு ஏறக்குறைய 1.76 சதுர கிலோமீட்டர். இப்போது கேள்வி: உங்கள் பாத்திரம் எந்த லண்டன்?

தீக்காயத்தை அளக்க மருத்துவத்தில் ஒரு எளிய வழி இருக்கிறது. விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை, உடம்புத் தோலில் சுமார் 1 சதவீதம். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். அவள் மதிலுக்குள் இருந்த பழைய நகரம் என்றால், எரிந்தது ஐந்தில் நான்கு பங்கு. எண்பது உள்ளங்கை. முகமும் பாதமும் தப்பினாலே அதிசயம். அவளே இன்றைய பெருநகரம் என்றால், மொத்தப் பரப்பு சுமார் 1,570 சதுர கிலோமீட்டர். எரிந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. தோலில் ஒரு தீப்பெட்டி அளவு.

அதே தீ, அதே நான்கு நாள். ஒருத்தி செத்துப் பிழைக்கிறாள், இன்னொருத்தி களிம்பு தடவிக்கொண்டு போகிறாள்.

இதனால் ஒரு வசதியும் கிடைக்கிறது: ஊர் வளர வளர, பழைய தழும்பு உடம்பில் சுருங்கிக்கொண்டே வரும். எண்பது உள்ளங்கைத் தழும்பு முந்நூற்றைம்பது ஆண்டில் தீப்பெட்டி அளவாகும். அடுப்படித் திரைச்சீலைக்கும் பதில் வந்துவிட்டது. உள்ளங்கையில் இருபதில் ஒரு பங்குக்குக் கீழே எதுவும் அவளுக்கு உறைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் எதுவாகவும் இருக்கட்டும், கதை நடுவில் மட்டும் மாற்றாதீர்கள்.

[திரையில்: இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் முள் ஓடுகிறது, மற்றொன்றில் நகர்வதே தெரியவில்லை.]

இனி காலம். ஊரின் ஓர் ஆண்டு, அவள் உடம்புக்கு ஒரு நாள் என்று கணக்கு வைக்கலாம். லண்டனில் வீடுகள் பெரும்பாலும் பத்தாண்டுக்குள் எழும்பிவிட்டன. செயின்ட் பால் பேராலயம் 1711இல்தான் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதாவது உடம்புக் கணக்கில் நாற்பத்தைந்து நாள். ஆழமான தீக்காயம் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்பதோடு இது நன்றாகவே பொருந்துகிறது. 1667இல் நீர் வடியும். 1676இல் ஓரங்களில் புதுத்தோல் பிடிக்கும். 1711இல் இளஞ்சிவப்புத் தழும்பு.

ஆனால் இந்தக் கணக்கில் மனிதரின் எழுபது வயது அவளுக்கு எழுபது நாள். அப்புறம் யாரோடு பேசுவாள்? அதற்குத்தான் இரண்டு கடிகாரம். சதைக்கு ஊரின் நேரம், மனதுக்கு மனிதரின் நேரம். தீக்குப் பிறகு பிறந்த குழந்தை வளர்ந்து நாற்பது வயதாகும்போதும் அவள் கட்டு பிரித்துக் கட்டிக்கொண்டிருப்பாள். அந்த ஆளுக்குத் தீ என்பது பெற்றோர் சொன்ன பழங்கதை. இவளுக்கு இன்னும் சட்டை ஒட்டுகிறது. வசனம் அங்கே தானாக வரும்.

உடம்பில் எந்த இடம் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். வடக்கு என்றால் தலை, தெற்கு என்றால் கால் என்று வரைபடத்தை உடம்பில் ஒட்டுவது சலிப்பூட்டும். வேலையைப் பாருங்கள்: நீர் ரத்தம், மண் எலும்பு, கட்டடம் தோல், மக்கள் நினைவு. இந்த நான்கே தாராளம்.

[திரையில்: தேம்ஸ் ஆறு. பழுப்பு நிற நீர்.]

காயம் ஆறும் கதைக்கு வருவோம். எழுதுகிறவர்கள் மிக அதிகமாகக் கோட்டை விடுவது இங்கேதான். காயத்துக்கு மூன்று பக்கம் கொடுத்துவிட்டு, மக்கள் மனம் மாறினார்கள், ஒளி பரவியது, அவள் எழுந்தாள் என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். நிஜமான இடங்கள் அப்படி ஆறுவதில்லை.

லண்டனின் தேம்ஸ் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1858 கோடையில் கழிவு நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் பெரிய சாக்கடைகளைக் கட்டி, கழிவை நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் ஆற்றில் விட்டார். நகரம் மூச்சுவிட்டது. ஆற்றுக்கு? காயம் ஆறவில்லை, இடம் மாறியது. தொண்டையில் இருந்த சீழ் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. 1957இல் லண்டனை ஒட்டிய பகுதியில் உயிரே இல்லை என்று அறிவித்தார்கள். நீரில் ஆக்சிஜன் அந்த அளவுக்கு வற்றியிருந்தது. சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்திய பிறகு, 1974இல் ஒரு மின்நிலையத்தின் நீர்வடிகட்டியில் ஒரு சால்மன் சிக்கியது.

நம் கணக்கில் 1858 முதல் 1974 வரை 116 நாள். நான்கு மாதப் படுக்கை. நடுவில் ஏழாம் நாள் வாக்கில் எல்லாரும் ‘தேறிவிட்டாள்’ என்று சொல்லிக் கிளம்பிப் போகிறார்கள். தொண்ணூற்றொன்பதாம் நாள் மூச்சு நிற்கிறது. இந்தப் பொய்த் தேறுதல் இல்லாத ஊருயிர்க் கதையை நாங்கள் நம்புவதில்லை.

[திரையில்: உடைக்கப்படும் அணை. சேற்று நீர் பாய்கிறது.]

சில சமயம் மருந்தே வலிக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றினார்கள். அணைகளுக்குப் பின்னால் சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கியிருந்தது. அதில் பெரும் பங்கு அடித்துவர, ஆறு ஆண்டுக்கணக்கில் சேறாக ஓடியது. அந்த வண்டல்தான் முகத்துவாரத்தில் புதுக் கரையைக் கட்டியது. பாத்திரமாக்கினால்: கட்டு அவிழ்ந்த அன்று அவள் சிரிக்க மாட்டாள். வாந்தி எடுப்பாள். விடுவிக்க வந்தவர்கள் தாங்கள் கொன்றுவிட்டதாகவே நினைப்பார்கள்.

ஆறாத காயமும் உண்டு. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப்படுகைமேல் இருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் இறுகி, சில பகுதிகள் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை அமிழ்கின்றன. நீரைத் திரும்ப விட்டாலும் இறுகிய களிமண் பெரும்பாலும் பழையபடி விரியாது. 1910இல் திறந்த விடுதலைத் தேவதைத் தூணைச் சுற்றித் தரை இறங்கிக்கொண்டே போக, அடியில் 14 படிகள் கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று. இந்த ஊருயிருக்கு ரத்தம் வராது. குள்ளமாகிக்கொண்டே போவாள். ஒவ்வொரு வருடமும் பாவாடை விளிம்பை மடித்துத் தைப்பாள்.

[திரையில்: ஒரு தாள். ஐந்து கட்டங்கள்.]

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: நிகழ்வு, எத்தனை உள்ளங்கை, எந்த உறுப்பு, பொய்த் தேறுதல் எப்போது, ஆறிய பின் என்ன மிச்சம். ஐந்தாவதைக் காலியாக விடாதீர்கள். தீக்குப் பிறகு லண்டனில் மர வீட்டுக்குத் தடை வந்து, செங்கல்லும் கல்லும் வந்தன. ஆகவே அவளுடைய புதுத்தோல் தடித்தது. சூடு தாங்கும், தொடு உணர்வு குறைவு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 1878இல் பாசல்ஜெட்டின் கழிவுநீர் வாய்களுக்கு அருகே ஒரு பயணக் கப்பல் மோதி மூழ்கி, 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை எழுதும்போது ஊருயிரின் கன்னத்தில் ஓர் அழகான கீறலாக மாற்றிவிடாதீர்கள். இறந்தவர்கள் அவளுடைய தோல் அல்ல, நினைவு. அன்று அவளுக்குக் காயம் எதுவும் படாது. அறுநூறு பெயர்களை மறந்திருப்பாள்; யாராவது ஒருவர் கரைக்கு வந்து ஒரு பெயரைச் சொல்லும்போது, அந்த ஒன்று மட்டும் திரும்ப வரும்.